சதுரக் கட்டையில் கிண்ணம் கடைதல்: மூலை ஏன் உடைகிறது?

இருபது சென்டிமீட்டர் சதுர வாகைக் கட்டையில் கிண்ணம் கடைந்தபோது ஓரங்களில் சிலாம்பு பெயர்ந்தது, பயத்தினால் லேத்தை நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் ஓட்டவில்லை, ஆனாலும் உளி குதித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் உட்குழியைக் குடைந்து முடித்தபின் சிறகை, அதாவது குழியைச் சுற்றி மூலைகள்வரை நீளும் மெல்லிய விளிம்புப் பகுதியை, இன்னும் சற்று மெலிதாக்கப் போனபோது ஒரு மூலை உடைந்து பறந்துவிட்டது என்று எழுதி, தவறு உளியிலா, மரத்திலா, வேகத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் சிறிது சிறிது இருக்கிறது. ஆனால் மூலை பறந்ததற்கு முதற்காரணம் நீங்கள் கடைந்த வரிசை. அதை விளக்குவதற்கு முன், வட்டக் கட்டைக்கும் சதுரக் கட்டைக்கும் உளி காணும் வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கட்டையின் மையத்திலிருந்து பக்கத்தின் நடுப்புள்ளி 100 மில்லிமீட்டர் தொலைவிலும், மூலை 141 மில்லிமீட்டர் தொலைவிலும் இருக்கின்றன. மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் வரை உளிக்கு முழு வட்டமும் மரம்தான். அதைத் தாண்டியவுடன் மரமும் வெற்றிடமும் மாறி மாறி வரும். வெற்றிடம் மூலைக்கருகில்தான் மிகுதி என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 108 மில்லிமீட்டர் தொலைவிலேயே, அதாவது பக்கத்தின் நடுவைத் தாண்டி எட்டே மில்லிமீட்டர் போனதும், சுற்றில் பாதி காற்றாகிவிடுகிறது. 120இல் முக்கால் பங்கு காற்று. 130இல் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு காற்று. சிறகு என்று நாம் அழகாகப் பெயரிட்டு அழைக்கும் பகுதியின் பெரும்பரப்பில் உளி மரத்தைத் தொடும் நேரத்தைவிடத் தொடாமல் இருக்கும் நேரமே அதிகம்.

வட்டக் கிண்ணம் கடையும்போது நாம் பழகியிருப்பது, உளியின் சாய்முகத்தை, அதாவது வெட்டுவாய்க்குப் பின்னால் சாணை பிடித்த சரிவுப் பரப்பை, மரத்தின்மீது சாய்த்து, மரமே உளிக்கு வழிகாட்டுமாறு விடுவது. சிறகுப் பகுதியில் அப்படிச் சாய்த்து அழுத்தினால், மரம் விலகிய கணத்தில் உளி உள்ளே விழும்; அடுத்த மூலை வந்து அதைத் தாக்கும். நீங்கள் குறிப்பிட்ட குதிப்பு இதுதான். எனவே இங்கே உளிக்கு வழிகாட்ட வேண்டியது மரம் அன்று. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டும் உங்கள் உடலுமே. இடக்கை உளியைக் கீழ்நோக்கி ரெஸ்டின்மீது அழுத்தட்டும்; மரத்தை நோக்கி அழுத்தவே கூடாது. கைப்பிடியின் முனை இடுப்பில் பதிந்திருக்க, கைகளை நீட்டாமல், காலிலிருந்து காலுக்கு உடல் எடையை மாற்றியே உளியை நகர்த்த வேண்டும். காற்றில் ஒரு கோடு வரைவதாகவும், அந்தக் கோட்டில் குறுக்கிடும் மரம் தானே அறுபட்டுப் போவதாகவும் எண்ணிக்கொண்டால் கை சரியாக இயங்கும். கட்டில் கால் கடைந்து பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. சட்டம் கோக்கும் இடத்தைச் சதுரமாகவே விட்டு, அதை ஒட்டி உருட்டும்போது அவர்கள் நான்கு மூலைகளை உளிமுனையால் இதே விதமாகத்தான் சந்திக்கிறார்கள். அங்கே அது ஒரு விரற்கடை அகல வேலை, இங்கே கிண்ணத்தின் பாதி.

வேகத்தைப் பற்றிய உங்கள் அச்சம் இயல்பானது, ஆனால் குறைவான வேகம் இங்கே தீங்கு செய்கிறது. 300 சுற்றில் ஓடும் கட்டையில், பாதி காற்றாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு வெற்றிடமும் உளியின் முன் 25 மில்லி வினாடி நிற்கிறது. 800 சுற்றில் அது ஒன்பது மில்லி வினாடிக்குச் சுருங்கிவிடும். உளி உள்ளே விழுவதற்குக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது, வெட்டும் மென்மையாகிறது. அதற்காக வேகத்தை வரம்பின்றி ஏற்றிவிடவும் முடியாது. கடைசல்காரர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு, மில்லிமீட்டரில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் ஒன்றரை லட்சத்துக்கும் இரண்டேகால் லட்சத்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது. சதுரக் கட்டைக்கு விட்டம் என்பது பக்கம் அன்று, மூலைவிட்டம். உங்கள் கட்டைக்கு அது 283 மில்லிமீட்டர். ஆக 800 சுற்றே உச்சம். அந்த வேகத்தில் மூலை நுனி மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்பதை மறவாமல், 400இல் தொடங்கி, அதிர்வு இல்லை என்று உறுதி செய்தபின் படிப்படியாக ஏற்றுங்கள். அதிர்வு இருந்தால் வேகத்தை ஏற்றிச் சமாளிக்க முயல வேண்டாம். கட்டையை இறக்கி மையத்தைச் சரிபாருங்கள்.

சதுர வேலையில் கட்டையைத் தயார் செய்வதே பாதி வேலை. வட்டக் கிண்ணத்தில் பிழையான மையத்தை உளி தானே திருத்திவிடும். இங்கே பக்கங்களை உளி தொடப்போவதே இல்லை என்பதால், ரம்பமும் இழைப்புளியும் விட்டுச்சென்ற பிழை கிண்ணத்தில் கடைசிவரை இருக்கும். நான்கு பக்கங்களையும் மூலைமட்டம் வைத்து இழைத்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்கி, அவை வெட்டும் புள்ளியில் ஆணிமுனையால் குழி இடுங்கள். பக்கங்களுக்கு 240ஆம் எண் உப்புத்தாள் வரை போட்டு இப்போதே முடித்துவிடுவது நல்லது. சிறகு ஐந்து மில்லிமீட்டராக மெலிந்தபின் அதன் ஓரத்தைத் தேய்ப்பது பெரிய தொல்லை. லேத் இடம் கொடுக்குமா என்பதையும் மூலைவிட்டத்தை வைத்தே பார்க்க வேண்டும். 250 மில்லிமீட்டர் வரை சுழல இடமுள்ள சிறு லேத்தில் 170 மில்லிமீட்டர் சதுரத்துக்கு மேல் போக வேண்டாம். லேத்தின் நீண்ட அடிச்சட்டமான படுகையின்மீது மட்டும் இடம் இருந்தால் போதாது, டூல் ரெஸ்டைத் தாங்கும் அடிக்கட்டையைத் தட்டாமலும் மூலை சுழல வேண்டும்.

மரம் நன்கு உலர்ந்திருக்கட்டும். பச்சை மரத்தில் மெலிந்த சிறகு ஓரிரவில் முறுக்கிக்கொள்ளும். வாகை நல்ல தேர்வுதான், வைரப்பகுதியின் நிறமும் அழகு; ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளியின் கூர் விரைவில் மழுங்கும், சதுர வேலைக்கோ கூர்தான் உயிர். வேம்பில் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் சிறகுப் பரப்பில் பிய்ந்து வரும். எனக்குப் பிடித்தது பூவரசு. இழை நெருக்கமானது, வெட்டுவாய் சுத்தமாக விழும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்று அழைத்துத் தலைமுறைகளாகக் கிண்ணம் செய்திருக்கிறார்கள் என்றால், நம் ஊரில் இதை வேலிக்கும் விறகுக்குமே பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருப்பது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி வரிசைக்கு வருகிறேன். கிண்ணத்தின் வாயாக ஆகப்போகும் முகத்தில் ஃபேஸ் பிளேட் என்னும் திருகிப் பிணைக்கும் தட்டையோ, நடுவில் ஒரே திருகுள்ள சக் என்னும் பிடிப்பானையோ பொருத்தி, எதிர்ப்பக்கத்தை லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில் ஸ்டாக் கொண்டு தாங்கி, முதலில் அடிப்பக்கத்தைக் கடையுங்கள். திருகுத் துளைகள் பின்னர் குடைந்து எறியப்படும் பகுதிக்குள்ளேயே அடங்க வேண்டும். அடியில், சக்கின் தாடைகள் பற்றிக்கொள்ள 60 முதல் 65 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டக் கழுந்து (புடைத்து நிற்கும் குமிழ்) விடுங்கள். அதன் தோள் தாடைகளின் முகத்தில் இடைவெளி இன்றிப் படிய வேண்டும், கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது. கிண்ணத்தின் வயிற்றையும் சிறகின் அடிப்பரப்பையும் இந்த நிலையிலேயே முழுமையாக முடித்துவிட வேண்டும், பிறகு திரும்பி வர வழி கிடையாது. வயிற்றை அடியிலிருந்து வெளிநோக்கிக் கடையலாம். சிறகுக்கு வந்ததும் மூலையிலிருந்து உள்நோக்கி வருவதே ஓரங்களுக்குப் பாதுகாப்பு. சிறகும் வயிறும் சேரும் இடத்தில் வெட்டின் ஓசை மாறுவதைக் கவனியுங்கள். டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று ஒரே சீரான இரைச்சலாகும். உளி முழுமரத்துக்குள் வந்துவிட்டது, இனி சாய்முகத்தை வழக்கம்போல் மரத்தில் சாய்க்கலாம் என்பதற்கு அதுவே அடையாளம். நான் பெரும்பாலும் கண்ணைவிட இந்த ஓசையை நம்பித்தான் வேலை செய்கிறேன்.

பிறகு கட்டையைத் திருப்பிக் கழுந்தைச் சக்கில் பற்றவையுங்கள். உங்கள் மூலை பறந்த கட்டம் இதுதான். நீங்கள் முதலில் உட்குழியைக் குடைந்துவிட்டு, பிறகு சிறகின் மேற்பரப்புக்கு வந்தீர்கள். நடுவில் மரம் திண்ணமாக இருக்கும்வரை அது சிறகை அடியில் பிடித்திருக்கும். குடைந்தபின் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. உளி பட்டால் சிறகு வளைந்து கொடுக்கும், உளி விலகிய கணமே நிமிர்ந்து எழும், அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும் மரத்தை உளி ஆழமாகக் கவ்வும். ஆகவே மேற்பக்கத்தில் முதல் வேலை சிறகுதான். அதையும் ஒரே வீச்சில் மெலிதாக்கக் கூடாது. மூலை நுனியிலிருந்து உள்நோக்கி ஒரு இருபது மில்லிமீட்டர் அகலத்தை இறுதிப் பருமனுக்குக் கொண்டுவந்து, அது சுத்தமாக முடிந்தபின் அடுத்த இருபதுக்குப் போங்கள். முடித்த பட்டைக்கு எக்காரணம் கொண்டும் திரும்பாதீர்கள். சற்றே தடிப்பாக நின்றுவிட்டது என்று தோன்றினாலும் அப்படியே விடுங்கள். நானும் என் தொடக்க நாட்களில் ஒரு மில்லிமீட்டர் ஆசைக்குத் திரும்பிப் போய், சுவரில் ஒரு தழும்பையும் முக்கோணமாகிப்போன ஒரு கிண்ணத்தையும் சம்பாதித்தவன்தான். சிறகு முழுவதும் முடிந்தபிறகே உட்குழி. முதல் கிண்ணங்களுக்கு ஆறு மில்லிமீட்டர்ப் பருமன் போதும், கை பழகியபின் நான்குக்கு இறங்கலாம்.

உளியைப் பொறுத்தவரை, குழிவு ஆழமான கிண்ண உளியே தேவை. சாய்முகம் நாற்பது பாகை அளவில், உளிவாயின் இரு பக்க விளிம்புகளும் பின்னோக்கிச் சாணை பிடிக்கப்பட்டிருந்தால் மிக நன்று; அமெரிக்கக் கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த் பெயரால் அறியப்படும் பின்வாங்கிய சாணைமுகமும் இந்த வேலைக்கு நன்கு ஒத்துவரும். காற்றிலிருந்து மரத்துக்குள் நுழையும்போது உளியின் குழிவு பக்கவாட்டில் பார்க்கட்டும், இல்லாவிட்டால் உளி பக்கவாட்டில் வழுக்கி ஓடும். நுழைந்து வெட்டு நிலைத்தபின் சற்றே மேல்நோக்கித் திருப்பலாம். ஒவ்வொரு பரப்பின் கடைசி இரண்டு மூன்று வெட்டுகளுக்கு முன் புதிதாகச் சாணை பிடிப்பதைச் சோம்பலால் தவிர்க்காதீர்கள். தட்டையான சுரண்டு உளியைச் சிறகின்மேல் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மெலிந்த மரத்தை வெட்டாமல் தள்ளும், தள்ளப்பட்ட மரம் திரும்பி வந்து கவ்வும்.

மரம் எங்கே இருக்கிறது என்பது ஓடும் லேத்தில் கண்ணுக்குத் தெரியாது. மங்கலான ஒரு நிழல் மட்டும் தெரியும். அந்த நிழல்தான் சிறகின் உருவம். லேத்தின் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் நிழலின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் துலங்கும், பருமனையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அளப்பதற்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும், முழுவதும் நின்றபிறகே பருமன் அளக்கும் காலிப்பரை எடுக்க வேண்டும்.

ஓரத்தில் சிலாம்பு பெயர்வது தனிச்சிக்கல். உளி மரத்தைவிட்டு வெளியேறும் ஓரத்தில், இழைக்குப் பின்னால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் அது பிய்ந்து போகிறது. கூர்மையும் மெல்லிய வெட்டும் இதைப் பெருமளவு தடுக்கும். மீதிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நொடியில் ஒட்டும் பசையான சயனோ பசையில் நீர்போல் ஓடும் வகையை ஓரங்களில் ஊறவிட்டு இழையை இறுக்குவது. இது வெளிறிய மரத்தில் கறையாகத் தெரியக்கூடும் என்பதால் முதலில் துண்டு ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, நான்கு பக்கங்களிலும் வீண் மரச்சட்டங்களைச் சூட்டுப் பசையால் ஒட்டி, வெற்றிடத்தையே பெருமளவு அடைத்துவிடுவது. அப்போது சிலாம்பு பெயர்வது சட்டத்தில்தான், கிண்ணத்தில் அன்று. பாதுகாப்பானது, தொடக்கநிலையில் மனத்துக்கும் இதமானது. ஆனால் மூலைவிட்டம் பெரிதாகிவிடும், வேகத்தையும் லேத்தின் இடத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஒட்டிய சட்டம் ஒன்று கழன்றால் அதுவும் எறிபடைதான். நான் இப்போது சட்டம் ஒட்டுவதில்லை.

வடிவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இதன் சுவையே அங்கேதான் இருக்கிறது. சிறகைத் தட்டையாகக் கடைந்தால் பக்கத்தின் விளிம்பு நேர்கோடாகவே இருக்கும். நேரான சரிவாக மேல்நோக்கி ஏற்றிக் கடைந்தால், அதாவது ஒரு கூம்பின் பரப்பைக் கடைந்தால், அச்சுக்கு இணையான தட்டைப் பக்கம் அந்தக் கூம்பை வெட்டுமிடத்தில் அதிபரவளைவு தோன்றுகிறது. உளி நேர்கோட்டில்தான் போனது, விளிம்போ நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் உயர்ந்து வளைகிறது. கோளப்பரப்பாகக் கடைந்தால் விளிம்பு வட்டவில்லாகும். நான்குக்கு ஒன்று என்ற சரிவில் உங்கள் கட்டையின் மூலைகள் பக்க நடுவைவிடப் பத்து மில்லிமீட்டர் உயரும். அந்தப் பத்து மில்லிமீட்டரே ஒரு சதுரத் தட்டைக் கோயில் கூரை விளிம்புபோல் எழும்பி நிற்கச் செய்துவிடுகிறது. மாறாகச் சிறகைக் கீழ்நோக்கி வளைத்தால் நான்கு மூலைகளும் தரையைத் தொட்டுக் கால்களாகிக் கிண்ணம் நடுவில் தொங்கும். இதில்தான் முன்பு சொன்ன அளவுப்பிழை வெளிப்படும். மையம் மட்டும் சற்று விலகியிருந்தால் கிண்ணம் ஒருபக்கம் மிக லேசாகச் சாய்ந்து நிற்குமே தவிர ஆடாது. மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால்தான் ஆடும். நான்கு மில்லிமீட்டர் வேறுபாடு, மேற்சொன்ன சரிவில், அரை மில்லிமீட்டர் ஆட்டமாக வந்து நிற்கும்.

இரண்டே சிறகுள்ள நீள்கிண்ணம் இதன் உடன்பிறப்பு. 200க்கு 110 போன்ற செவ்வகக் கட்டையில், இழை நீளவாக்கில் ஓடுமாறு எடுத்தால், சிறகு முழுநீள இழையால் ஆனதாக வலுவாக இருக்கும். சதுரத்தின் மூலைகளிலோ இழை குறுக்காகக் கோணலாக ஓடி நுனியில் குறுகிவிடுகிறது. வலு கூடுகிறது, கடைவது எளிதாவதில்லை. ஒரு சுற்றில் நான்கு சிறு வெற்றிடங்களுக்குப் பதிலாக இரண்டு நீண்ட வெற்றிடங்கள் வருகின்றன. சதுரத்தில் கை பழகாமல் இதற்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. மரக்கிளையின் பாதிப் பிளவில் பட்டையோடு கடையும் சிறகுக் கிண்ணங்கள் அழகின் உச்சம்தான். ஆனால் பட்டை கழன்று தெறிக்கும், எடையும் சமமாக இராது என்பதால் அவை அதற்கும் அப்பால்.

உப்புத்தாளைச் சிறகுக்கு ஓடும் லேத்தில் பிடிக்கவே கூடாது. விரல் போகும் என்பது முதற்காரணம். விரல் தப்பினாலும், முன்னோக்கி வரும் ஓரங்கள் தேய்ந்து உருண்டு, நீங்கள் பாடுபட்டு எடுத்த கூரிய விளிம்பு அழிந்துவிடும். லேத்தை நிறுத்தி, சுழல்தண்டைப் பூட்டி, மரத்துண்டில் சுற்றிய தாளால் 120இலிருந்து 320 வரை கையால் தேயுங்கள். உட்குழியை மட்டும் மெதுவான ஓட்டத்தில் தேய்க்கலாம், கை கிண்ணத்தின் வாய்க்குள் அடங்கியிருக்கும்வரை. கடையும்போதும் விரல்கள் ரெஸ்டைத் தாண்டக் கூடாது. ரெஸ்டை நகர்த்திய ஒவ்வொரு முறையும் விசையைப் போடுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். முழு முகக்கவசம், முழங்கைக்கு மேல் மடித்த சட்டை, மேலே துண்டு கிடையாது. கட்டை சுழலும் தளத்தின் நேர்கோட்டில் நீங்களும் நிற்க வேண்டாம், வேடிக்கை பார்ப்பவர்களையும் நிற்க விடாதீர்கள்.

உடைந்த கிண்ணத்தை எறிந்துவிடாதீர்கள். உடைந்த மூலைக்கு நேர் எதிர் மூலையையும் அறுத்துவிட்டு, இரு வெட்டுகளையும் மற்ற மூலைவிட்டத்துக்கு இணையாகக் கொண்டுவந்தால், எஞ்சும் இரு மூலைகளும் சிறகுகளாகி அது ஒரு நீள்கிண்ணமாகிவிடும். சிறகை அடியில் ஒரு மரத்துண்டால் தாங்கி, பல் நெருங்கிய கைரம்பத்தால் மெதுவாக அறுங்கள். இழை கோணலாக ஓடுவதால் சிறகு நுனி சற்று வலுக்குறைவாகவே இருக்கும், அதனால் நுனியைக் கூராக விடாமல் ஒரு விரற்கடை மழுக்கிவிடுங்கள்.